சலுகை யாருக்குரியது? மாற்றுத்திறனாளிகளின் வாக்குரிமையும் நம் இல்லங்களும்

 



2019, 2021, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தமிழகத்தில் பொதுத்தேர்தல் ஏப்ரல் மாதத்திலேயே நடைபெற்றது. நம் தஞ்சைத் தரணியில் அது எத்தகைய மாதம் என்பது உங்களுக்குத் தெரியும். ஜனவரி 28ஆம் நாளோடு மேட்டூரின் மதகுகள் அடைபட்டு, வாய்க்கால்கள் வறண்டு, சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் பிடுங்கப்பட்ட வயல்கள் வெடித்துக் கிடக்கும். காலை பத்து மணிக்கே வெயில் தலையைச் சுடும். அன்று அதிகாலை ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் குடும்பத்தார் அனைவரும் வாக்குச்சாவடிக்குப் புறப்படுகின்றனர். திண்ணையோரக் கட்டிலில் பார்வை மங்கிய அத்தா அமர்ந்திருக்கிறார். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய தம்பி வாசற்படியில் இருக்கிறான். "உங்களுக்கு எதற்கு அத்தா இந்தச் சிரமம்? நாங்கள் போய்விட்டு வந்துவிடுகிறோம்" என்று மகன் கூறுகிறார். அன்பினால்தான் கூறுகிறார். அந்த அன்பைப் பற்றியே இன்று பேச வேண்டியிருக்கிறது.

உஹுதுப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்ட நேரத்தில் மதீனாவின் ஒரு வீட்டிலும் இதே உரையாடல் நடந்தது. அம்ருப்னுல் ஜமூஹ் (ரலி) அவர்கள் கடுமையாகக் கால் ஊனமுற்றவர். சிங்கங்களைப் போன்ற நான்கு புதல்வர்கள் அவருக்கு இருந்தனர். தந்தை களத்துக்குப் புறப்படுவதைக் கண்ட புதல்வர்கள், அல்லாஹ் தங்களுக்குச் சலுகை அளித்திருக்கிறானே, நாங்கள் போகிறோம், தாங்கள் வீட்டிலிருங்கள் என்று தடுத்தனர். அவர் நேரே பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார். இந்தக் காலோடேயே சுவர்க்கத்தில் நடக்க விரும்புவதாகச் சொன்னார். அண்ணலார் அவருக்குச் சலுகை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் புதல்வர்களை நோக்கி, அவரைத் தடுக்க வேண்டாம் என்றார்கள். அவர் சென்றார், அன்றே ஷஹீதானார்.

வாக்களிப்பதும் போர்க்களமும் ஒன்றல்ல. ஆயினும் இந்நிகழ்ச்சியில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. ருக்ஸத் எனும் சலுகை ஊனமுற்றவருக்கு உரியது. அதைப் பயன்படுத்துவதா, வேண்டாமா என்று முடிவு செய்பவர் அவரே. அவர் சார்பில் பிள்ளைகள் அந்தச் சலுகையை எடுத்து அவர்மீது போர்த்திவிட முடியாது. நம் இல்லங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். வாக்குச்சாவடிக்கு வர முடியுமா என்று அத்தாவிடம் கேட்பதே இல்லை. வர வேண்டாம் என்று நாமே தீர்மானித்து விடுகிறோம்.

வாக்கு என்பது யாது?

பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்களித்தலை மூன்று வகையாக விளக்கினார்கள். அது சாட்சியம், பரிந்துரை, பிறருக்கும் சேர்த்துப் பொறுப்பாளரை நியமிக்கும் வகாலத். இன்னார் இப்பொறுப்புக்குத் தகுதியானவர் என்று வாக்காளர் சாட்சி கூறுகிறார் என்பது அவர்களுடைய கருத்தின் சாரம். நம் நாட்டு உலமாக்கள் பலரும் தேர்தல் காலத்தில் இதையே எடுத்துரைக்கின்றனர். சாட்சியத்தை மறைப்பது உள்ளத்தின் பாவம் என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் உணர்த்துகிறது. தான் மறைப்பதே பாவமெனில், சாட்சி சொல்ல விரும்பும் ஒருவரை வீட்டிலேயே இருத்திவிடுவது எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே கற்றவர் ஒருவர் எழுந்து, பார்வையற்றவரின் சாட்சியம் ஏற்கப்படாது என்று ஹனஃபி நூல்களில் உள்ளதே எனக் கேட்கலாம். நியாயமான கேள்வி. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து அதுவே. சம்பவத்தின்போது பார்வை இருந்திருந்தால் ஏற்கலாம் என்பது இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. குரலால் அறியத்தக்கவற்றில் ஏற்கலாம் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வழி. வழக்கில் வாதி இவர், பிரதிவாதி இவர் என்று ஆளைச் சுட்டிக்காட்டுவதற்குக் கண் வேண்டும் என்பதே அவ்வரம்பின் காரணம். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஆளைச் சுட்ட வேண்டியதில்லை. அவரது சொல்லையும் செயலையும் கேட்டறிந்து, பெயரையும் வரிசை எண்ணையும் தெரிந்துகொண்டால் போதும்.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் சாட்சியங்கள் பற்றிய பகுதியில் பார்வையற்றவரின் சாட்சியத்துக்கென்றே ஒரு பாடம் வகுத்துள்ளார்கள். அதில் அவர்கள் எடுத்துக்காட்டும் ஹதீஸ்களுள் ஒன்று, அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கைப் பற்றியது. இரவில் பிலால் (ரலி) பாங்கு சொல்வார், அதற்காக ஸஹரை நிறுத்த வேண்டாம். இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும்வரை உண்ணுங்கள் என்பது அண்ணலாரின் அறிவுரை. அவருக்கோ பார்வை கிடையாது. விடிந்துவிட்டது என்று மக்கள் சொல்லக் கேட்டே அவர் பாங்கு சொல்வார். பிறர் கண்ணால் கண்டதை அவர் செவியால் அறிந்து சொன்னார். அந்தச் சொல்லை நம்பி ஒரு நகரமே நோன்பைத் தொடங்கியது!

துணைக்குச் செல்பவரின் அமானிதம்

நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில், மின்னணு இயந்திர வாக்குப்பதிவுக்கான 49 என் விதியின்படி, பார்வையின்மையாலோ உடற்குறையாலோ சின்னத்தை அடையாளம் காணவோ, உதவியின்றி வாக்கைப் பதியவோ இயலாதவர், பதினெட்டு வயது நிறைந்த ஒருவரைத் துணையாக வாக்குப்பதிவு மறைவிடத்துக்குள் அழைத்துச் செல்லலாம். ஒருவர் ஒரே நாளில் ஒருவருக்கு மட்டுமே துணையாக இருக்க முடியும். வாக்கின் இரகசியத்தைக் காப்பதாக அவர் எழுத்தில் உறுதி அளிக்க வேண்டும்.

ஆள்காட்டி விரலில் இடும் மைக்குக்கூட விதி உண்டு. இடக்கை ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு அக்கையின் வேறு விரலில் இட வேண்டும். இடக்கையில் விரலே இல்லையெனில் வலக்கை விரலில்; இரு கைகளிலும் விரல் இல்லையெனில் எஞ்சியுள்ள கை நுனியில். விரலிழந்தவரும் வாக்களிக்க வருவார் என்று விதி எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். நாம்தான் எதிர்பார்ப்பதில்லை.

விதி நன்று, ஆனால் மறைவிடத்துக்குள் நடப்பதை அல்லாஹ்வைத் தவிர வேறு யாரும் அறியார். அத்தா ஒரு சின்னத்தைச் சொல்ல, மகன் வேறொரு பொத்தானை அழுத்துவது நடக்கிறது. "அவருக்கு இன்றைய அரசியல் என்ன தெரியும்? நல்லதற்காகத்தான் மாற்றினேன்" என்று அதைத் தேநீர்க் கடையில் சிரித்துக்கொண்டே சொல்பவர்களும் உண்டு. சகோதரர்களே, பார்வையற்றவரை வழி தவறச் செய்பவன் சாபத்திற்குரியவன் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்க, முஸ்னது அஹ்மதில் பதிவாகியுள்ளது. தெருவில் பார்வையற்றவரைத் தவறான சந்தில் திருப்பிவிடுபவனை நாம் மனிதனாகவே மதிக்க மாட்டோம். வாக்கு இயந்திரத்தின் முன் அவரது விரலைத் திருப்பிவிடுபவன் அவனினும் நல்லவனா? அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அந்நிஸா 58ஆம் வசனம் ஏவுகிறது. தந்தையின் வாக்கு மகனின் கையில் சில நொடிகள் தங்கும் அமானிதம்.

இந்த அச்சம் இல்லாமல் தாமே வாக்களிக்க விரும்புவோருக்கு வேறு வழியும் உண்டு. வாக்கு இயந்திரத்தில் பொத்தான்களின் அருகே வரிசை எண்கள் பிரெயில் புள்ளிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வேட்பாளர் பெயர்கள் அடங்கிய பிரெயில் தாளை வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் கேட்டுப் பெற்று, விரலால் படித்து, எண்ணை மனத்தில் கொண்டு, தனியே சென்று பொத்தானை அழுத்தலாம். வாக்கு பதிவானதை இயந்திரத்தின் ஒலி அறிவிக்கும். ஆனால் அந்த ஒலி, யாருக்கு வாக்கு விழுந்தது என்பதைச் சொல்லாது. ஏனையோர் ஏழு நொடிகள் கண்ணாடி வழியே தாள்சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்கின்றனர்; பார்வையற்றவருக்கு அந்த உறுதி கிடைப்பதில்லை. இக்குறை இன்னும் தீராமலிருக்கிறது. மேலும், பள்ளியில் பிரெயில் கற்றவருக்கே அப்புள்ளிகள் பயன்படும். முதுமையிலோ சர்க்கரை நோயாலோ பார்வை இழந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் துணையே வழி. ஆகவே துணையின் நேர்மையே அவர்களுக்குப் பாதுகாப்பு.

முறையீடு செவியேற்கப்பட்ட வரலாறு

வீட்டில் அமர்ந்திருப்போரும் அறப்போர் புரிவோரும் சமமாகார் என்ற அந்நிஸா 95ஆம் வசனம் அருளப்பட்டு, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து தம் பார்வையின்மையை முறையிட்டார். உடனே இடையூறு உடையவர்களை விலக்கும் சொற்கள் அவ்வசனத்தில் சேர்த்து அருளப்பட்டன. இன்றுவரை உலகெங்கும் ஓதப்படும் அச்சொற்களுக்குப் பின்னால் ஒரு பார்வையற்றவரின் முறையீடு நிற்கிறது. அவருக்காக அபஸ அத்தியாயமே இறங்கியதை நாம் அடிக்கடி பேசுகிறோம். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பை அவரிடம் இருமுறை ஒப்படைத்ததாக அபூதாவூதில் உள்ளதை ஏனோ அவ்வளவாகப் பேசுவதில்லை. பல முறை என்பர் வரலாற்றாசிரியர்.

நம் நாட்டிலும் முறையீட்டினால்தான் கதவு திறந்தது. அலீகரில் 1965ஆம் ஆண்டு பிறந்து, முதுகெலும்புக் குறைபாட்டினால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர் ஜாவேத் ஆபிதி. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்துக்காகப் போராடியவர்களுள் ஒருவர்; 2018 மார்ச்சில் மறைந்தார். அவர் முன்னின்று நடத்திய ஊனமுற்றோர் உரிமைக் குழுவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 19 அன்று, நடந்துகொண்டிருந்த நாடாளுமன்றத் தேர்தலின் நடுவிலேயே, வாக்குச்சாவடிகளில் சாய்தளம் அமைக்க உத்தரவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வாக்குச்சாவடிகள் அனைத்தும் அவர்கள் வந்துசெல்லத் தக்கனவாகவும், தேர்தல் தொடர்பான ஆவணங்கள் அவர்களுக்கு எளிதில் விளங்குவனவாகவும் இருப்பதை உறுதி செய்யும் கடமையைத் தேர்தல் ஆணையங்களின்மீது சுமத்தியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்ததும் 2017இல் ஓர் ஏப்ரல் 19. தமிழகம் 2024இல் வாக்களித்ததும் ஏப்ரல் 19. தற்செயல்தான், நினைவில் நிறுத்த எளிதாக இருக்கிறது.

சாய்தளம் என்றவுடன் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது முறையான கணக்கு. ஆற்றுப் பாசனப் பகுதியில் வெள்ளத்துக்கு அஞ்சிப் பள்ளிக்கூடங்களை மேடையிட்டு உயர்த்திக் கட்டுவது வழக்கம். மூன்றடி மேடைக்கு முப்பத்தாறு அடி நீளச் சரிவு வேண்டும். எட்டடிப் பலகையில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் அது பின்னோக்கி உருளும். வாக்குச்சாவடியில் இக்குறையைக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். 1950 என்ற தொலைபேசி எண் அதற்காகவே உள்ளது. சொல்லிவிட்டு, நம் பள்ளிவாசலின் படிகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஹவ்ளின் ஓரத்தில் கால் ஊனமுற்ற ஒருவர் அமர்ந்து ஒளுச் செய்ய இடமிருக்கிறதா? இக்கேள்வியை மிம்பரிலிருந்து கேட்பதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது.

புத்தி மந்தமானவருக்கு வாக்குண்டா?

இக்கேள்வியைப் பெற்றோர்களே கேட்கிறார்கள். சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டுமே வாக்காளர் பட்டியலில் இடம்பெறத் தகுதியில்லை என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. மருத்துவச் சான்று மட்டும் போதாது. அண்டை வீட்டார் பேச்சு ஒரு பொருட்டே அல்ல. கற்பதில் தாமதமுள்ள பிள்ளை பதினெட்டு வயதை அடைந்தால் அவனும் வாக்காளனே.

மார்க்கத்தில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. ஹிப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று அறியப்படும் அன்ஸாரித் தோழர் ஒருவர் வணிகத்தில் அடிக்கடி ஏமாந்துவிடுவார். அவரது சிந்தனையில் சற்றுத் தளர்ச்சி இருந்தது. குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, அவர் கொடுக்கல் வாங்கல் செய்யத் தடை விதிக்குமாறு கோரினர். அண்ணலார் அவரை அழைத்து வணிகம் செய்ய வேண்டாம் என்றார்கள். அவரோ தம்மால் விட்டிருக்க இயலாது என்றார். அப்படியாயின் பேரம் பேசும்போது ஏமாற்றுதல் கூடாது என்று சொல்லிவிடும்படி கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் அவகாசமும் அவருக்கு அளிக்கப்பட்டதாக ரிவாயத்து உண்டு. உரிமையைப் பறிக்கக் கேட்டது குடும்பம். அண்ணலாரோ உரிமையை விட்டுவைத்து, அதைச் சுற்றி வேலியிட்டுக் கொடுத்தார்கள். ஃபுகஹாக்கள் இதிலிருந்து வணிகச் சட்டங்களை வகுத்தனர். பெற்றோர்களுக்கும் இதில் பாடமிருக்கிறது. சின்னங்களைப் படத்தில் காட்டி, மாதிரிப் பொத்தானை அழுத்தப் பழக்கி, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் அப்பிள்ளைகளில் பலர் தாமே தேர்ந்தெடுப்பர்.

வீடு தேடி வரும் வாக்கு

மனத்தில் ஏதோ குறையிருந்த பெண்ணொருத்தி தம்மிடம் பேச வேண்டும் என்றபோது, எந்தத் தெருவில் நிற்பது என்பதை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அங்கே சென்று அவளது தேவை தீரும்வரை நின்றார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். வாக்குப்பெட்டி வீடு தேடி வரும் ஏற்பாட்டைக் கேள்விப்பட்டபோது இந்த ஹதீஸே நினைவுக்கு வந்தது.

2019 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு, நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுள்ளோரும் முதியோரும் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு அளிக்கலாம் என்றாயிற்று. தமிழகத்தில் 2021 சட்டமன்றத் தேர்தலில் இது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. முதியோருக்கான வயது வரம்பு 2024இல் எண்பதிலிருந்து எண்பத்தைந்தாக உயர்த்தப்பட்டது. இதற்கான 12டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். இந்த ஐந்து நாளைத் தவறவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். வாக்குச்சாவடி நிலை அலுவலர் படிவத்தை வீட்டுக்கே கொண்டுவருவார். பின்னர் குறித்த நாளில் அலுவலர்கள் ஒளிப்பதிவாளரோடு வருவர். வாக்காளர் மறைவாகத் தாளில் குறியிட்டு உறையிலிட்டு ஒட்டிக் கொடுப்பார். முதல்முறை வந்தபோது அவர் இல்லையெனில் இன்னொரு முறை வருவார்கள். அதற்கு மேல் வருவதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் வாக்குச்சாவடிக்குச் சென்றும் வாக்களிக்க இயலாது. ஆதலால் அத்தாவுக்கு வெளியே போக ஆசையா, வீட்டிலிருக்கவா என்று முன்னரே கேளுங்கள். சிலருக்கு அந்தப் பயணமே ஈதுத் திடலுக்குப் போவது போன்ற மகிழ்ச்சி.

அலுவலர்கள் வரும் நாளில் அறையில் கூட்டமாக நின்று, "அத்தா, இதில் போடுங்கள்" என்று விரல் காட்டாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணப் பட்டுவாடா புகார்களால் 2016 மே மாதத்தில் தஞ்சாவூர், அரவக்குறிச்சி ஆகிய இரு தொகுதிகளில் தேர்தலே நிறுத்தப்பட்டு, நவம்பர் 19 அன்றுதான் நடைபெற்றது. நம் மாவட்டத் தலைநகருக்கு வந்த தலைகுனிவு அது. வீட்டுக்கு இத்தனை வாக்கு என்று கணக்கிட்டுக் கொடுப்பவன், படுக்கையில் கிடப்பவரின் பெயரையும் கணக்கில் சேர்க்கிறான். பணம் வாங்கும்போது அவரும் வாக்காளர். வண்டி ஏற்றும்போது மட்டும் அவர் நோயாளி. இலஞ்சம் கொடுப்பவனும் வாங்குபவனும் நபி (ஸல்) அவர்களின் சாபத்துக்கு ஆளானவர்கள் என்பதை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

ஊராட்சித் தேர்தல்

ஏப்ரலில் வறண்டிருக்கும் வாய்க்கால் டிசம்பரில் கரைபுரளும். தஞ்சை மாவட்டம் உட்பட்ட ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில், மழைக்காலச் சேற்றின் நடுவே நடந்தது. அங்கே இயந்திரமில்லை, வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என நான்கு பதவிகளுக்கு நான்கு நிறத் தாள்கள். பிரெயில் பொறித்த இயந்திரத்தின் உதவி அங்கே கிடையாது. ஊர்ச்சாலையையும் குடிநீரையும் தீர்மானிக்கும் தேர்தலிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு வழி மிகவும் குறுகியிருந்தது.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், நகர்ப்புற, ஊரக உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது. பார்வையற்ற தோழரை மதீனாவின் பொறுப்பாளராகக் கண்ட சமுதாயம் இதில் பின்தங்கலாகாது. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற நம் ஊர்களில் கல்வி கற்ற மாற்றுத்திறனாளி இளைஞர்களும் யுவதிகளும் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கும்படி அவர்களிடம் ஜமாஅத்தார் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்பாகப் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். குறையுள்ளவர் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர்; தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். 2024 தேர்தலின்போது மாற்றுத்திறனாளிகள் எனக் குறிக்கப்பட்ட வாக்காளர்கள் நாடு முழுவதும் 88.4 இலட்சம் பேரே. முந்தைய கணக்கில் சிறுவர்களும் அடக்கம் என்றாலும் இடைவெளி பெரிது. குறிப்பு இல்லையெனில் அந்தச் சாவடிக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்பது அலுவலருக்குத் தெரியாது. ஏற்கெனவே பெயருள்ளவர் 8ஆம் எண் படிவத்தில் இக்குறிப்பைச் சேர்க்கலாம். புதிதாகச் சேர்பவர் 6ஆம் எண் படிவத்திலேயே தெரிவிக்கலாம். கைப்பேசி உள்ளோர் ஆணையத்தின் செயலியிலும் செய்யலாம். பெண்பிள்ளைக்கு ஊனம் என்று வெளியில் தெரிந்தால் வரன் அமையாது என்றஞ்சிப் பெயரைச் சேர்க்காமலே விட்டுவிடும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அவ்வீடுகளுக்கு ஆண்கள் போய்ப் பேசுவதைவிட மத்ரஸாவின் ஆலிமாக்கள் போவதே நலம்.

நிக்காஹ் பதிவேடும் சந்தாக் கணக்கும் வைத்திருக்கும் ஜமாஅத் அலுவலகத்தில், மஹல்லாவின் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பது பெரிய காரியமல்ல. பெயர், வாக்குச்சாவடி எண், வண்டி வேண்டுமா, துணைக்கு யாரை அவரே விரும்புகிறார் என்ற நான்கு கட்டங்கள் போதும். நான்காவது கட்டத்தை மட்டும் அவரிடமே நேரில் கேட்டு நிரப்ப வேண்டும்.